போன சண்டைக்குப் போட்ட பூட்டு

அக்கா வீடு மேரிலேண்ட்ல இருக்கு. போன வருஷம் ஒரு மாசம் அங்க போய் உட்கார்ந்து அவங்க கையால சாப்பிட்டு ரெண்டு கிலோ ஏத்திக்கிட்டு வந்தேன். அப்ப ஒருநாள் வாஷிங்டன் போனோம், கேப்பிடல் கட்டடத்தைச் (அவங்க பார்லிமென்ட்) சுத்திப் பார்க்க. கீழ ஒரு பெரிய ஹால் இருக்கு, டூர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரையும் அங்கதான் நிக்க வைப்பாங்க, சுத்தி மாநிலங்கள் குடுத்த சிலைங்க. ஹவாய் ராஜா கமேஹமேஹா தங்கக் கலர்ல ஈட்டியோட பளபளன்னு நிக்கிறார், கூட்டம் மொத்தமும் அவர்கிட்டதான், செல்ஃபி மேல செல்ஃபி. நான் கூட்டத்துக்குப் பயந்து தள்ளி நின்ன இடத்துல ஒரு அம்மா சிலை, கவுன் போட்டுக்கிட்டு சாதாரணமா நம்ம ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி. பேரு ஜெனட் ராங்கின், மொன்டானா மாநிலம். கீழ பீடத்துல ஒரே வரி, போருக்கு என்னால ஓட்டுப் போட முடியாதுன்னு.

மாமா (அக்கா வீட்டுக்காரர்) படிச்சுட்டு சிரிச்சார். "இவனுங்களா? ரெண்டு உலகப்போர்லயும் ஓரமா நின்னு ரெண்டு பக்கமும் வித்துக் காசு பார்த்துட்டு, கடைசில வந்து கப்பை வாங்கிட்டுப் போனவனுங்கடா" அப்படின்னார். இது அவரோட கருத்து மட்டும் இல்ல, நம்ம ஊர்ல டீக்கடைல கேட்டாலும் இதையேதான் சொல்வாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். ஆனா அந்த ஒரு வரி மண்டைல நின்னுடுச்சு. ஊருக்குத் திரும்பினப்புறம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். மாமா சொன்னதுல பாதி சரி, பாதி தப்பு, தப்பான பாதிதான் சுவாரஸ்யம்னு இப்ப தோணுது.

அமெரிக்கா 'ஒதுங்கி இருந்துச்சு'ங்கிற வார்த்தையே கொஞ்சம் ஏமாத்து வேலை. யாருகிட்ட இருந்து ஒதுங்கினாங்க? ஐரோப்பாகிட்ட இருந்து மட்டும். அதே காலத்துல நிகராகுவால 1912-ல இருந்து 1933 வரைக்கும் (நடுவுல கொஞ்ச நாள் தவிர) அவங்க படை உட்கார்ந்திருந்தது, ஹைட்டில 1915-ல இருந்து 1934 வரைக்கும், பிலிப்பைன்ஸ் அவங்க காலனி. அவங்க வாசல்ல யாரும் வரக்கூடாது, அடுத்தவன் வாசலுக்கு இவங்க போகலாம். ஆனா ஐரோப்பாக்காரன் சண்டைல மட்டும் தலையக் குடுக்கக் கூடாதுன்னு ஜார்ஜ் வாஷிங்டன் 1796-ல பதவில இருந்து விலகும்போதே எழுதி வச்சுட்டுப் போயிட்டார், யாரோடயும் நிரந்தரக் கூட்டணி வேணாம்னு. அதை அந்த நாட்டு ஆளுங்க கிட்டத்தட்ட குலசாமி வாக்கு மாதிரி நூறு வருஷத்துக்கு மேல காப்பாத்தினாங்க.

அதனால 1914-ல ஐரோப்பா பத்தி எரிஞ்சப்ப அதிபர் வில்சன் நாங்க நடுநிலைன்னு சொன்னதுல யாருக்கும் ஆச்சரியம் இல்ல. 1916 தேர்தல்ல அவருக்காகக் கட்சிக்காரங்க எடுத்துட்டுப் போன கோஷமே 'நம்மளைப் போர்ல மாட்டிவிடாம காப்பாத்தினவர்'ங்கிறதுதான், அதுல நூலிழைல ஜெயிச்சார். ஜெயிச்சு பதவி ஏத்து ஒரு மாசம் ஆச்சு, 1917 ஏப்ரல் 2-ம் தேதி அதே மனுஷன் காங்கிரஸ்ல (அவங்க பார்லிமென்ட்டுக்கு அதான் பேரு) வந்து நின்னு போர் அறிவிக்கணும்னு கேட்டார். நடுவுல என்ன ஆச்சுன்னா, ஜெர்மன் நீர்மூழ்கிங்க நடுநிலை நாட்டுக் கப்பலையும் விடாம அடிக்க ஆரம்பிச்சுது, அது போக மெக்சிகோவைக் கூட்டு சேர்த்து அமெரிக்கா மேல ஏவிவிடலாம்னு ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஸிம்மர்மன் அனுப்பின தந்தி வேற வெளிய வந்துடுச்சு.

நம்ம சிலை அம்மா இங்கதான் வர்றாங்க. அமெரிக்க காங்கிரசுக்குப் போன முதல் பெண் இவங்கதான், நாடு முழுக்கப் பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமை வந்ததே 1920-ல, இவங்க ஜெயிச்சது 1916-ல. பதவிப் பிரமாணம் எடுத்தது அந்த ஏப்ரல் 2-ம் தேதியே. சீட்டு சூடாகுறதுக்குள்ள நாலாவது நாள் போர் ஓட்டெடுப்பு. நாட்டு பக்கம் நிக்கணும்னு ஆசைதான், ஆனா போருக்கு ஓட்டுப் போட முடியாதுன்னு சொல்லி எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க. அப்ப அவங்க தனியாள் இல்ல, கீழவைல மொத்தம் 50 பேர் எதிர்த்தாங்க, மேலவையான செனட்ல 6 பேர். ஆனா பேப்பர்காரங்க எழுதினது மட்டும் இந்தம்மாவைப் பத்தி, பொம்பளை அழுதுச்சுன்னு. மத்த 49 ஆம்பளைங்க என்ன பண்ணாங்கன்னு எவனும் எழுதல.

அந்தப் போர்ல சுமார் 1,16,000 அமெரிக்க சிப்பாய்ங்க செத்தாங்க, அதுல பாதிக்கு மேல குண்டடி பட்டு இல்ல, நோய்ல, முக்கியமா 1918 ஃப்ளூல. முடிஞ்சப்புறம் வில்சன் பாரிஸ் போய், நாடுங்க மறுபடி அடிச்சுக்காம பார்த்துக்க சர்வதேச சங்கம்னு ஒண்ணை உருவாக்கிட்டு வந்தார், ஆனா அவர் சொந்த வீட்லயே அதை ஒத்துக்க வைக்க முடியல. யாரோ யாரையோ அடிச்சா நம்ம பசங்க போய் நிக்கணுமான்னு செனட்ல கேட்டாங்க. மனுஷன் நேரா ஜனங்ககிட்டயே பேசறேன்னு 1919 செப்டம்பர்ல ரயில் ஏறி மேற்க எல்லாம் சுத்தி, கொலராடோல ப்யூப்ளோங்கிற ஊர்ல பேசி முடிச்சதும் உடம்பு விழுந்துடுச்சு, வாஷிங்டன் திரும்பினதும் பக்கவாதம். அந்தச் சங்கத்துல சேர்றதுக்கான ஒப்பந்தத்தை செனட் ரெண்டு தடவை தூக்கிப் போட்டுச்சு, ரெண்டாவது தடவை 1920 மார்ச்ல ஏழு ஓட்டு பத்தல. அவர் உண்டாக்கின சங்கத்துல அவர் நாடு கடைசி வரைக்கும் சேரவே இல்ல.

இதுவரைக்கும் பாடப்புத்தகத்துலயே இருக்கும். எனக்குப் புதுசா இருந்தது இதுக்கப்புறம் வந்த இருபது வருஷம்.

எங்க வீட்ல நான் எட்டாவது படிக்கும்போது திருடன் கொல்லைப்பக்கக் கதவை நெம்பி உள்ள வந்து ரெண்டு குத்துவிளக்கும் பித்தளை அண்டாவும் தூக்கிட்டுப் போயிட்டான். அப்பா மறுநாளே வெல்டரைக் கூட்டிட்டு வந்து கொல்லைக் கதவுக்கு ஜெயில் மாதிரி கிரில் அடிச்சார், மூணு பூட்டு, அம்மா மாவாட்டப் போகணும்னாகூட மூணு சாவி தேடணும். மூணு வருஷம் கழிச்சு இன்னொரு திருடன் மொட்டைமாடி வழியா வந்தான். 1930கள்ல அமெரிக்கா போட்ட நடுநிலைச் சட்டங்களைப் படிச்சப்ப எனக்கு அந்த கிரில்தான் ஞாபகம் வந்தது.

முதல் போர் முடிஞ்சு பத்து பதினஞ்சு வருஷத்துல அந்த நாட்டு மனசு மாறிடுச்சு. கடன் வாங்கின ஐரோப்பா நாடுங்க ஒவ்வொண்ணா கையை விரிச்சுட்டாங்க, 1934-ல ஒழுங்கா தவணை கட்டிட்டு இருந்தது ஃபின்லாந்து மட்டும்தான். வீட்ல பொருளாதாரம் படுத்து வேலை இல்லாம ஜனங்க ரொட்டிக்கு வரிசைல நின்னாங்க. போருக்குப் போய்ட்டு வந்தவங்க எங்களுக்குத் தர்றேன்னு சொன்ன போனஸை இப்பவே குடுங்கன்னு 1932-ல வாஷிங்டன்ல குடிசை போட்டு உட்கார்ந்தப்ப, ராணுவத்தையே விட்டு விரட்டினாங்க, விரட்டினவர் தளபதி மெக்ஆர்தர். இப்படி இருக்கும்போது நம்ம எதுக்கு அந்தப் போருக்குப் போனோம்னு கேள்வி வரத்தானே செய்யும்?

1934-ல செனட்டர் ஜெரால்ட் நைங்கிறவர் தலைமைல ஒரு கமிட்டி போட்டாங்க, ஆயுத வியாபாரிங்களை விசாரிக்க. 93 தடவை விசாரணை, 200 பேருக்கு மேல சாட்சி, பேங்கர் மோர்கன், வெடிமருந்து கம்பெனி டூபான்ட் முதலாளிங்க எல்லாரையும் கூண்டுல நிக்க வைக்காத குறை. வெளிய வந்த கணக்கு என்னன்னா, போர்ல இறங்குறதுக்கு முன்னாடி அமெரிக்க பேங்குங்க பிரிட்டன் பக்கத்துக்குக் குடுத்த கடன் சுமார் 230 கோடி டாலர், ஜெர்மனிக்குக் குடுத்தது வெறும் 2.7 கோடி. மாமா, இந்த இடத்துல நீங்க சொன்னது தப்பு, 'ரெண்டு பக்கமும்' எல்லாம் விக்கல, தராசு ஒரே பக்கம்தான் சாஞ்சிருக்கு! அதனாலதான் போர்ல இறங்கினோம், கடன் மூழ்கிடக்கூடாதுன்னு பேங்குக்காரன் இழுத்துவிட்டான்னு ஜனங்க முடிவே பண்ணிட்டாங்க. அதை கமிட்டியால நிரூபிக்க முடிஞ்சுதான்னா முடியல. 1936-ல நை ஒருபடி மேல போய், செத்துப்போன வில்சனே உண்மையை மறைச்சார்னு சொல்லப்போக, வில்சன் கட்சி செனட்டர் கார்ட்டர் கிளாஸ் கோபத்துல மேஜையைக் குத்தினதுல விரல் முட்டில இருந்து ரத்தம் சொட்டுச்சாம். கமிட்டிக்குக் காசு கட். ஆனா எண்ணம் கட் ஆகல. 1937-ல கேலப் கருத்துக்கணிப்புல பத்துக்கு ஏழு பேர் முதல் போர்ல இறங்கினது தப்புன்னு சொன்னாங்க.

இப்ப சட்டத்தைப் பாருங்க. 1935-ல போர் செய்ற எந்த நாட்டுக்கும் ஆயுதம் விக்கக்கூடாது. 1936-ல கடனும் குடுக்கக்கூடாது. 1937-ல அமெரிக்கக்காரன் எவனும் சண்டை போடுற நாட்டுக் கப்பல்ல ஏறவே கூடாது. ஒவ்வொண்ணும் எதுக்குன்னு புரியுதா, ஆயுதம் டூபான்ட்டுக்கு, கடன் மோர்கனுக்கு, கப்பல் பயணம் 1915-ல ஜெர்மன்காரன் மூழ்கடிச்ச லூசிடானியாவுக்கு (அதுல 120 பேருக்கு மேல அமெரிக்கக்காரங்க). அச்சுப் பிசகாம 1917-க்குப் போன வழியை மட்டும் ஒவ்வொண்ணா அடைச்சிருக்காங்க. கொல்லைக் கதவுக்கு மூணு பூட்டு.

இந்தப் பூட்டு யாருக்குத் தொல்லை குடுத்துச்சுன்னு பார்த்தா அதான் வேடிக்கை. 1935-ல முசோலினி எத்தியோப்பியா மேல ஏறினான். ரெண்டு பேருக்கும் ஆயுதம் கிடையாதுன்னு அமெரிக்கா சமமா சொல்லிடுச்சு, இத்தாலிகிட்ட சொந்த ஃபேக்டரி இருக்கு, எத்தியோப்பியாகிட்ட என்ன இருக்கு? பெட்ரோல் ஆயுதம் இல்லையே, அது இத்தாலிக்கு ஜோரா போய்க்கிட்டுதான் இருந்தது. ஜப்பான் 1937-ல சீனாவுக்குள்ள புகுந்தப்ப ரெண்டு பேருமே முறைப்படி போர்னு அறிவிக்கல, அதனால அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் சட்டத்தை எடுக்கவே இல்ல, எடுத்தா சீனாவுக்குதான் நஷ்டம்னு. இந்தப் பக்கம் ஜப்பானுக்குக் கப்பல் கப்பலா பழைய இரும்பு 1940 வரைக்கும், எண்ணெய் 1941 வரைக்கும் போச்சு. அடிக்கப் போறவனுக்கு அடி வாங்கப் போறவனே பெட்ரோல் போட்டு விட்டிருக்கான்.

ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், அந்த ஊர் காலேஜ் பசங்களோட குசும்பு. 1936-ல பிரின்ஸ்டன் யூனிவர்சிட்டி பசங்க 'எதிர்கால போர்களின் முன்னாள் வீரர்கள்'னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. கோரிக்கை என்னன்னா, அடுத்த போர்ல எப்படியும் எங்களை அனுப்பத்தான் போறீங்க, செத்துப் போய்ட்டா போனஸ் வாங்கி அனுபவிக்க முடியாது, அதனால ஆளுக்கு 1,000 டாலர் இப்பவே குடுத்துடுங்க! கடகடன்னு நாடு முழுக்க காலேஜ்ல கிளை முளைச்சிடுச்சு. ஆரம்பிச்ச பையன் பின்னால நிஜமாவே ரெண்டாம் போர்ல பட்டாளத்துக்குப் போனார். போனஸ் முன்கூட்டி வரல.

அப்புறம் 1939, ஹிட்லர் போலந்துக்குள்ள வந்தாச்சு. நவம்பர்ல சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினாங்க, ஆயுதம் வாங்கிக்கோ, ஆனா ரொக்கம் வைக்கணும், உன் வண்டில நீயே தூக்கிட்டுப் போகணும், நாங்க டோர் டெலிவரி பண்ண மாட்டோம்னு. கனடா அப்பவே போர்ல இறங்கியாச்சு, அங்க போற பிளேனை அமெரிக்க பைலட் ஓட்டிட்டுப் போனா சட்டப்படி குத்தம். அதுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா? வடக்கு டகோட்டால பெம்பினாங்கிற எல்லைக் கிராமத்துல கொண்டுபோய் லாக்ஹீட் பிளேனை இறக்குவாங்க. பனி மூடின வயக்காடு. பைலட் இறங்கிடுவார். பிளேனுக்கு முன்னாடி குதிரையைக் கட்டி, அந்தப் பக்கம் கனடாவுக்குள்ள வண்டி இழுக்குற மாதிரி இழுத்து விட்டுடுவாங்க, அங்க இருந்து கனடாக்காரர் ஏறிப் பறப்பார். மெய்ன் மாநிலத்துல ஹோல்டன்னு ஒரு ஊர், அங்க டிராக்டர் வச்சு இழுத்தாங்க. ரெண்டு இன்ஜின் வச்ச புத்தம்புது குண்டுவீச்சு விமானம், அதை இழுக்க குதிரை! கார்ப்பரேஷன்ல பைல் மூவ் பண்ண நாம படுற பாட்டை நினைச்சுப் பாருங்க, உலகம் பூரா சட்டத்துக்கு சந்து கண்டுபிடிக்கிற மூளை ஒண்ணுதான் போல.

ரொக்கமும் எத்தனை நாளைக்கு வரும், 1940 கடைசில பிரிட்டன் கஜானா காலி. பக்கத்து வீடு தீப்பிடிச்சா தோட்டத்து ஹோஸ் பைப்பை குடுக்க மாட்டோமா, பதினஞ்சு டாலர் குடுத்தாதான் தருவேன்னா சொல்வோம், அணைச்சுட்டு பைப்பைத் திருப்பித் தரட்டும்னு ரூஸ்வெல்ட் பத்திரிகைக்காரங்ககிட்ட கதை சொன்னார். அதுக்கு செனட்டர் ராபர்ட் டாஃப்ட் அடிச்ச பதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஆயுதத்தை இரவல் குடுக்கிறது சூயிங்கம்மை இரவல் குடுக்கிற மாதிரி, திரும்பத் தந்தாலும் எவன் வாங்குவான்னு. நியாயமான பேச்சுதானே. ஆனாலும் 1941 மார்ச்ல சட்டம் பாஸ். அதே ஆகஸ்ட்ல கட்டாயப் பட்டாளத்துல எடுத்த பசங்களோட காலத்தை நீட்டிக்கணும்னு வந்த ஓட்டெடுப்பு கீழவைல 203-க்கு 202, ஒரே ஒரு ஓட்டு. ஹவாய்ல இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளம் பேர்ல் ஹார்பர் மேல ஜப்பான் குண்டு போட நாலு மாசம்கூட இல்ல.

போர்ல இறங்கவே கூடாதுன்னு கிளம்பின 'அமெரிக்கா முதலில்' கமிட்டியைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா நை மாதிரி, ராங்கின் மாதிரி ஆளுங்களையும் இவங்களையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டிடறாங்க. 1940-ல யேல் சட்டக்கல்லூரி பசங்க ஆரம்பிச்சது, பின்னாடி அதிபரான ஜெரால்ட் ஃபோர்டு ஆரம்பத்துல அதுல இருந்தார், கென்னடி நூறு டாலர் செக் அனுப்பினார், சுமார் எட்டு லட்சம் உறுப்பினர். ஆரம்பத்துல இருந்தவங்க நிறையப் பேர் அந்த சூடு கண்ட பூனைங்கதான், அடுப்பங்கரை பக்கமே வேணாம்னவங்க. ஆனா மேடைக்கு யாரை ஏத்தினாங்க, தனியா அட்லாண்டிக்கைத் தாண்டின விமானி லிண்ட்பெர்க்கை, ஏற்கனவே 1938-ல ஹிட்லரோட விமானப்படைத் தலைவன் கோயரிங் கையால ஜெர்மன் மெடல் வாங்கினவர். அவர் 1941 செப்டம்பர் 11 அன்னைக்கு டெமாய்ன் நகரத்துல பேசும்போது நம்மளைப் போருக்குத் தள்றது மூணு பேர், பிரிட்டிஷ்காரன், யூதன், ரூஸ்வெல்ட் அரசாங்கம்னு சொல்லிட்டார். ஐரோப்பால யூதங்களைக் கொன்னு குவிச்சிட்டு இருக்கிற நேரம். 1939-லயே செயின்ட் லூயிஸ் கப்பல்ல வந்த 900-க்கும் மேற்பட்ட யூத அகதிங்க மயாமி விளக்கு தெரியற தூரம் வரைக்கும் வந்தும் இறங்க விடாம திரும்பிப் போனாங்க, அதுல 254 பேர் பின்னால நாஜிகிட்ட மாட்டி செத்தாங்க. போர் வேணாம்ங்கிறது ஒரு பேச்சு, எவனோ எப்படியோ போகட்டும்ங்கிறது வேற பேச்சு, யூதன்தான் காரணம்ங்கிறது அதைவிட மோசம். இந்த மூணையும் ஒரே மேடைல பேசினதுலதான் அந்த இயக்கம் பேர் கெட்டுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

1941 டிசம்பர் 7 ஞாயித்துக்கிழமை மத்தியானம் செனட்டர் நை பிட்ஸ்பர்க்ல ஒரு ஹால்ல அந்தக் கமிட்டி கூட்டத்துல பேச வந்திருக்கார். மேடை ஏறுறதுக்கு முன்னாடியே ஒரு ரிப்போர்ட்டர் வந்து ஹவாய்ல குண்டு போட்டுட்டான் ஜப்பான்காரன்னு சொல்றார். இதுல ஏதோ வில்லங்கம் இருக்குன்னு சொல்லிட்டு நை மேடை ஏறிட்டார். பேசுறார், பேசுறார், ரூஸ்வெல்ட் நம்மளைப் போருக்கு இழுக்கிறார்னு. இவருக்கு முன்னாடி இன்னொருத்தர் பேசிட்டு இருந்தப்பவே கீழ ஒருத்தர் எழுந்து, ஜப்பான் ஹவாயைத் தாக்கினது தெரியுமான்னு கேட்க, அவரை வெளிய அனுப்பியிருந்தாங்க. ஜப்பான் போர் அறிவிச்சாச்சுன்னு மறுபடி ஒரு சீட்டு மேடைக்குப் போச்சு. பார்த்தார், வச்சுக்கிட்டு மறுபடி பேசினார். கடைசிலதான் அதைப் படிச்சுக் காட்டினார். ஆறேழு வருஷமா ஒவ்வொரு பூட்டா பார்த்துப் பார்த்துப் போட்ட மனுஷன், திருடன் மொட்டைமாடி வழியா இறங்கிட்டான்னு சொன்னா எப்படி நம்புவார்? எங்கப்பாவும் அன்னைக்கு முதல்ல ஓடிப்போய்ப் பார்த்தது கொல்லைக் கதவைத்தான்.

மறுநாள் காங்கிரஸ்ல ஓட்டெடுப்பு. ராங்கின் அம்மா 1919-ல பதவி முடிஞ்சு போனவங்க, இருபது வருஷம் கழிச்சு 1940-ல மறுபடி ஜெயிச்சு உள்ள வந்திருக்காங்க, இவங்க ராசி பாருங்க, காங்கிரஸ்ல இருந்ததே ரெண்டு தவணை, ரெண்டுலயும் உலகப்போர். செனட்ல 82-க்கு 0. கீழவைல 388 பேர் ஆமான்னாங்க. இவங்க ஒருத்தர் மட்டும் இல்லைன்னாங்க. நான் பொம்பளை, நான் போருக்குப் போக முடியாது, அதனால வேற யாரையும் அனுப்பவும் மாட்டேன்னு. சபைல ஒரே கூச்சல். வெளிய வந்தா கூட்டம் துரத்துது, பக்கத்துல இருந்த டெலிபோன் பூத்துக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க, உள்ள இருந்தே போலீசுக்கு போன் போட்டு, அவங்க வந்துதான் ஆபீஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க. அறுபத்தோரு வயசு அப்போ. மூணு நாள் கழிச்சு ஜெர்மனி மேல போர் அறிவிக்கிற ஓட்டு வந்தப்ப ஆமாவும் சொல்லல இல்லையும் சொல்லல, வந்திருக்கேன்னு மட்டும் பதிவு பண்ணாங்க. அந்த 'அமெரிக்கா முதலில்' கமிட்டி அந்த வாரமே கடையைச் சாத்திடுச்சு, லிண்ட்பெர்க் பின்னாடி பசிபிக்ல போர் விமானமே ஓட்டினார்.

அந்தம்மா ஓட்டு சரியான்னு கேட்டா, 1941-ல சரின்னு என்னால சொல்ல முடியல, ஹிட்லர் அந்தப் பக்கம் இருக்கும்போது எப்படிச் சொல்றது. ஆனா நை பண்ணதும் அவங்க பண்ணதும் ஒண்ணு இல்ல. நைக்கு ஒரு கணக்கு இருந்தது, கணக்கு தப்பாச்சு. அந்தம்மாகிட்ட கணக்கே இல்ல, யார் அடிச்சாலும் முடியாது, அவ்ளோதான். அடுத்த தேர்தல்ல நிக்கவே இல்ல. அப்புறம் காந்தி மேல இருந்த ஈடுபாட்டுல இந்தியாவுக்குப் பல தடவை வந்துட்டுப் போயிருக்காங்க, 1968-ல எண்பத்தேழு வயசுல வியட்நாம் போருக்கு எதிரா ஆயிரக்கணக்கான பொம்பளைங்களோட அதே கேப்பிடலுக்கு ஊர்வலம் போயிருக்காங்க.

இதெல்லாம் போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல மாமாகிட்ட மூச்சுவிடாம சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "எல்லாம் சரிடா, அந்தக் குதிரைக்கு எவன்டா வாடகை குடுத்தான்?" அப்படின்னார்.